வேலைக்கான கணினிவழி உளவியல் தேர்வு: வீட்டிலிருந்து எழுத விடலாமா, கண்காணிப்பில்தான் நடத்த வேண்டுமா?

கேள்வி: ஓசூர் மனிதவளம்

அனைவருக்கும் வணக்கம். ஓசூரில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஆலை ஒன்றின் மனிதவளப் பிரிவில் பணிபுரிகிறேன். பயிற்சிப் பொறியாளர்களையும், டிப்ளமோ முடித்தவர்களிலிருந்து ஷிஃப்ட் சூப்பர்வைசர்களையும் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கிறோம். இதுவரை விண்ணப்பதாரர்களை ஆலைக்கே வரவழைத்து, எங்கள் அலுவலர் ஒருவர் அறையில் இருக்க, பயிற்சிக் கூடத்துக் கணினிகளில் இரண்டு தேர்வுகளை எழுத வைத்துவந்தோம். ஒன்று, எண் திறனையும் தருக்கத் திறனையும் அளக்கும் ஆப்டிட்யூட் தேர்வு. மற்றொன்று, பணியிடத்தில் ஒருவர் எப்படி நடந்துகொள்வார் என்பதைப் பற்றிய ஆளுமை வினாத்தாள்.

இந்த ஆண்டு முதல் லிங்க் அனுப்பி இரண்டையும் வீட்டிலிருந்தே எழுதச் செய்யலாம் என்று தேர்வுச் சேவை வழங்கும் நிறுவனம் ஆலோசனை கூறுகிறது. நிர்வாகத்துக்கும் அதில் விருப்பம் உண்டு. செலவும் அலுவலர்களின் நேரமும் மிச்சமாகும் என்பதோடு, தொலைவான மாவட்டங்களிலிருந்தும் பலர் விண்ணப்பிக்க முடியும். என் தயக்கம் வேறு. வீட்டில் உட்கார்ந்து எழுதியவர் யார் என்றே தெரியாதபோது, அந்த மதிப்பெண்ணை வைத்து ஒருவரைச் சேர்ப்பதும் இன்னொருவரை விலக்குவதும் நியாயமாகுமா? வெப்கேம் மூலம் கண்காணிக்கும் வசதியை வாங்கினால் இந்தக் கவலை தீர்ந்துவிடுமா? ஆளுமை வினாத்தாளுக்கும் ஆப்டிட்யூட் தேர்வுக்கும் ஒரே விதி பொருந்துமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால், நிர்வாகத்திடம் எடுத்துச் சொல்ல எனக்கு உதவியாக இருக்கும்.

பதில் 1: அளவுகோல்

நண்பருக்கு வணக்கம். பணித்தேர்வுக்கான உளவியல் அளவீடுகளைச் சரிபார்ப்பது என் தொழில். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்கான விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.

ஆப்டிட்யூட் தேர்வில் ஒவ்வொரு வினாவுக்கும் சரியான விடை என்று ஒன்று உண்டு. அந்த விடையை அருகில் இருப்பவர் சொல்லித்தரலாம், இணையத்தில் தேடலாம், வேறொருவரே உட்கார்ந்து எழுதிக்கொடுக்கவும் செய்யலாம். ஆளுமை வினாத்தாளில் அப்படி ஒரு விடையே கிடையாது. அங்கே உள்ள சிக்கல், வேலை கிடைக்க வேண்டும் என்ற ஆவலில் ஒருவர் தன்னை இருப்பதைவிட மேலானவராகக் காட்டிக்கொள்வதுதான். எதிரே கண்காணிப்பாளர் ஒருவர் நிற்பதால் மட்டும் அந்த ஆவல் குறைந்துவிடுவதில்லை. டேவ் பார்ட்ரம், அனா பிரவுன் ஆகிய இருவரும் ஓ.பி.கியூ. 32 என்ற பணிசார் ஆளுமை வினாத்தாளை இரண்டு முறைகளிலும் ஒப்பிட்டு 2004இல் வெளியிட்ட ஆய்வில், கண்காணிப்பில் தாளில் எழுதியவர்களின் மதிப்பெண்களுக்கும், கண்காணிப்பின்றி இணையத்தில் எழுதியவர்களின் மதிப்பெண்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு தென்படவில்லை. ஆகவே ஆளுமை வினாத்தாளை வீட்டிலிருந்து எழுதச் செய்வதில் எனக்குத் தயக்கம் இல்லை. தன்னை மிகைப்படுத்திக் காட்டுவதைத் தடுக்க விரும்பினால் வினாவின் அமைப்பைத்தான் மாற்ற வேண்டும். ஒரே அளவுக்கு நல்லதாகத் தோன்றும் சில கூற்றுகளைத் தந்து, அவற்றில் தனக்கு மிகவும் பொருந்துவதையும் மிகக் குறைவாகப் பொருந்துவதையும் தேர்ந்தெடுக்கச் சொல்லும் கட்டாயத் தெரிவு முறை, அறையில் ஓர் ஆளை நிறுத்துவதைவிடப் பயன் தரும்.

ஆப்டிட்யூட் தேர்வுக்கு வருகிறேன். கண்காணிப்போடும் கண்காணிப்பின்றியும் நடத்தப்பட்ட திறன் தேர்வுகளை ஒப்பிட்ட பல ஆய்வுகளின் முடிவுகளை ஸ்டேகர், ஷ்ரோடர்ஸ், க்னாம்ப்ஸ் ஆகியோர் ஒன்றுதிரட்டி அலசியிருக்கிறார்கள். கண்காணிப்பின்றி எழுதியவர்களின் சராசரி, திட்ட விலக்கத்தில் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு விலகிச் சிதறுகின்றன என்ற அளவு) ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக இருந்தது. சராசரி 50, திட்ட விலக்கம் 10 என்று அமைந்த அளவுகோலில் இது 2 மதிப்பெண். இணையத்தில் எளிதில் தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய வினாக்களில் இந்த இடைவெளி பெரிதாகவும், தேடினாலும் கிடைக்காத தருக்க வினாக்களில் சிறிதாகவும் இருந்தது.

இரண்டு மதிப்பெண்தானே என்று சேவை நிறுவனத்தார் சொல்லக்கூடும். அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். சராசரி என்பது நேர்மையாக எழுதிய பெரும்பான்மையினரையும் உதவி பெற்று எழுதிய சிலரையும் ஒன்றாகக் கலந்த எண். அந்தச் சிலர் 2 மதிப்பெண் அல்ல, 10, 15 என்று உயர்ந்திருக்கலாம். உயர்ந்தவர்கள் பட்டியலின் மேல்பகுதியில்தான் போய்ச் சேர்வார்கள். நீங்கள் பட்டியலின் மேலிருந்து சிலரை மட்டும் எடுப்பவர் என்றால், மொத்தத்தில் சிறுபான்மையாக இருக்கும் அவர்கள் உங்கள் தெரிவில் கணிசமான பங்காகிவிடக்கூடும். அதுவே, மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களை மட்டும் கழித்துவிட்டு மற்ற எல்லோரையும் அடுத்த கட்டத்துக்கு அழைப்பவர் என்றால் பாதிப்பு சிறியதுதான். இன்னொரு பக்கமும் இருக்கிறது. வீட்டிலிருந்து எழுத விடுவதால் கூடுதலானவர்கள் விண்ணப்பிக்கிறார்கள். தெரிவுக்குரிய கூட்டம் பெரிதாவதால் கிடைக்கும் ஆதாயம், ஏமாற்றால் வரும் இழப்பைச் சில நிலைமைகளில் ஈடுசெய்துவிடும் என்று லாண்டர்ஸ், சாக்கெட் இருவரும் 2012இல் காட்டினார்கள். எனவே உங்கள் நிர்வாகத்திடம் முதலில் கேட்க வேண்டியது, கண்காணிப்பு வேண்டுமா வேண்டாமா என்பதல்ல. இந்த மதிப்பெண்ணின் மேல் எவ்வளவு பாரத்தை ஏற்றப்போகிறோம் என்பதுதான்.

சர்வதேசத் தேர்வு ஆணையம் கணினிவழித் தேர்வுகளுக்கென 2005இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதை நான்கு நிலைகளாகப் பார்க்கின்றன. யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறந்து எழுதலாம் என்பது முதல் நிலை. அழைப்பும் கடவுச்சொல்லும் பெற்றவர் மட்டும், ஆனால் கண்காணிப்பாளர் இல்லாமல் எழுதுவது இரண்டாவது. மனிதர் ஒருவர் அடையாளத்தைச் சரிபார்த்து, தேர்வைத் தொடங்கி முடித்துவைப்பது மூன்றாவது. கருவிகளும் சூழலும்கூட ஒரே சீராக இருக்கும் தேர்வு மையத்தில் எழுதுவது நான்காவது. உங்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருப்பது இரண்டாவது நிலை. இதுவரை நீங்கள் செய்துவந்தது மூன்றாவது நிலையும் அதற்குச் சற்று மேலும். மூன்றிலிருந்து இரண்டுக்கு முழுவதுமாக இறங்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. இரண்டையும் இணைத்துக்கொள்ள முடியும்.

அப்படி இணைத்ததற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்கப் படைகள். அங்கே படையில் சேர விரும்புவோர் எழுத வேண்டிய ஆஸ்வாப் தேர்வுக்கு, பைகேட் என்ற கண்காணிப்பில்லாத வடிவம் ஒன்று இருக்கிறது. ஆள்சேர்ப்பு அலுவலர் தரும் குறியீட்டைக் கொண்டு அதை வீட்டிலிருந்தே எழுதலாம். பிறகு சேர்ப்பு நிலையத்துக்கு வரும்போது, கண்காணிப்பின்கீழ் அரைமணி நேரத்துக்குள் முடியும் சரிபார்ப்புத் தேர்வு ஒன்றை எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால் வீட்டில் எழுதிய மதிப்பெண்ணே அதிகாரபூர்வமாகிவிடும். ஒத்துப்போகாவிட்டால் முழுத் தேர்வையும் கண்காணிப்பில் எழுத வேண்டும். அந்த மதிப்பெண் கணக்கில் கொள்ளப்படும். ஒத்துப்போகாதவரைக் குற்றவாளியாக்காமல் மறுபடி எழுத வைக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். நான் பரிந்துரைப்பதும் இதே வழியைத்தான். எல்லோரும் வீட்டில் எழுதட்டும். நேர்முகத்துக்கு வருவோர் மட்டும் ஆலையில் குறுந்தேர்வு ஒன்றை எழுதட்டும். இரண்டுக்கும் வினாக்கள் பெரிய வினா வங்கி ஒன்றிலிருந்து வெவ்வேறாக எடுக்கப்பட வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பதில் 2: தேர்வுக்கூடம்

மேலே எழுதியவரின் கருத்தை ஏற்கிறேன். ஆனால் கண்காணிப்பு என்றதும் எல்லோரும் திருட்டைப் பிடிப்பதைப் பற்றி மட்டுமே பேசுவது எனக்கு வருத்தமளிக்கிறது. கணினித் தேர்வுக் கூடங்களைப் பல ஆண்டுகளாக நிர்வகித்து வருகிறேன். அறைக் கண்காணிப்பாளரின் நேரத்தில் பெரும்பகுதி எழுதுபவருக்கு உதவுவதில்தான் கழிகிறது. மாதிரி வினாவையே புரிந்துகொள்ளாமல் அடுத்த திரைக்குப் போனவரை நிறுத்தி விளக்குவது, மவுஸ் சரியாக இயங்காத கணினியிலிருந்து ஆளை மாற்றி உட்கார வைப்பது, மின்சாரம் போனால் இழந்த நேரத்தைத் திருப்பித் தருவது, காய்ச்சலோடு வந்தவரிடம் வேறொரு நாளில் எழுதலாம் என்று சொல்வது, இவை எல்லாம் மதிப்பெண்ணின் நம்பகத்தைக் காக்கும் வேலைகள். வீட்டில் எழுதுபவருக்கு இவற்றில் எதுவும் கிடைப்பதில்லை. ஆகவே கண்காணிப்பில்லாத தேர்வில் தவறான உயர்வு மட்டுமல்ல, தவறான தாழ்வும் உண்டு. அந்தத் தாழ்வு யாருக்கு நேர்கிறது என்று பார்த்தால் பெரும்பாலும் வசதி குறைந்தவருக்குத்தான். ஏமாற்றி உயர்ந்தவரைச் சரிபார்ப்புத் தேர்வு பிடித்துவிடும். வீட்டில் அநியாயமாகத் தாழ்ந்துபோனவர் சரிபார்ப்புக்கு அழைக்கப்படுவதே இல்லையே!

எந்தக் கருவியில் எழுதுகிறார் என்பதும் முக்கியம். வேலைக்காகத் தொலைவிலிருந்து எழுதிய 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவைக் கொண்டு வின்ஃப்ரெட் ஆர்தர் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், கைபேசியில் எழுதியவர்களின் ஆளுமை மதிப்பெண்கள் கணினியில் எழுதியவர்களுடையதைப் போலவே இருந்தன. திறன் தேர்வு மதிப்பெண்களோ தெளிவாகக் குறைந்திருந்தன. நேரக் கட்டுப்பாடு இறுக்கமாக உள்ள தேர்வுகளில் கருவியின் தாக்கம் கூடுதல் என்பதும் நெடுநாளாகத் தெரிந்த செய்திதான். மீட், டிராஸ்கோ இருவரும் 1993இல் தாளில் எழுதிய தேர்வையும் கணினியில் எழுதிய தேர்வையும் ஒப்பிட்டபோது, போதிய நேரம் தரப்பட்ட தேர்வுகளில் இரண்டு வடிவங்களுக்குமான ஒட்டுறவு (இரண்டு மதிப்பெண்களும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு; முழுமையாக ஒத்துப்போனால் 1) 0.97 ஆகவும், வேகத்தை அளக்கும் தேர்வுகளில் 0.72 ஆகவும் இருந்தது. உங்கள் விண்ணப்பதாரர்களில் தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து வருபவர்கள் இருப்பார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் கணினி வைத்திருப்பார்கள் என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள். வீட்டிலிருந்து எழுத விரும்பாதவர்கள் ஆலைக்கே வந்து எழுதலாம் என்ற வழியை மூடிவிடாதீர்கள். கல்லூரியின் கணினிக்கூடத்தில் எழுதலாம் என்று பாலிடெக்னிக்குகளோடு ஏற்பாடு செய்துகொண்டால் இன்னும் நல்லது.

வெப்கேம் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எழுதுபவர் மாறவில்லை என்பதை உறுதிசெய்ய அது ஓரளவு உதவும். ஆனால் கேமராவுக்குத் தெரியாத இடத்தில் இன்னொரு கைபேசி இருக்கலாம். மறுபக்கம், தம்பி தங்கைகள் நடமாடும் ஒற்றை அறை வீட்டில் எழுதுபவரின் பின்னால் ஒருவர் கடந்து போனாலே மென்பொருள் சந்தேகக் குறி போட்டுவிடுகிறது. மென்பொருள் போடும் குறியை மட்டும் வைத்து யாரையும் நீக்கக் கூடாது; மனிதர் ஒருவர் பதிவைப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும். 2022இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து மாநிலப் பல்கலைக்கழகம் தேர்வுக்கு முன் மாணவரின் அறையைக் கேமராவில் சுற்றிக்காட்டச் சொன்னது அரசமைப்புக்கு முரணான சோதனை என்று கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பு அரசுக் கல்வி நிறுவனத்தைப் பற்றியது; இங்குள்ள தனியார் ஆலையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் வேலை கேட்டு வருபவரின் வீட்டுக்குள் எட்டிப்பார்க்கும் உரிமை நமக்கு எவ்வளவு என்ற கேள்வி இங்கும் இருக்கிறது.

கூடத்தில் வைத்து நடத்தினால் எல்லாம் பாதுகாப்பு என்றும் நினைக்க வேண்டாம். வெளிநாட்டில் மேற்படிப்புக்குச் சேர எழுதும் ஜி.ஆர்.இ. தேர்வு கண்காணிக்கப்பட்ட மையங்களில்தான் நடந்தது. ஆயினும் எழுதியவர்கள் வினாக்களை மனப்பாடம் செய்து இணையதளங்களில் தொகுத்ததால், 2002இல் சீனா, தைவான், தென்கொரியா ஆகிய இடங்களில் அதன் கணினி வடிவத்தை நிறுத்திவிட்டுத் தாள் தேர்வுக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. ஒரே வினாத்தாளை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தினால் எந்தக் கண்காணிப்பாளராலும் அதைக் காப்பாற்ற முடியாது.

பதில் 3: தொழிலாளர் சட்டம்

சட்டப் பக்கத்திலிருந்து சுருக்கமாக மூன்று செய்திகள். தேர்வு விடைகள், முகப்படம், காணொளிப் பதிவு ஆகிய அனைத்தும் 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தனிநபர் தரவுகளே. என்ன திரட்டுகிறீர்கள், எதற்காக என்பதைத் தெளிவான அறிவிப்பாகத் தந்து ஒப்புதல் பெறுவதே பாதுகாப்பான வழி. தேவை முடிந்ததும் காணொளிகளை அழிக்கும் பொறுப்பைச் சேவை நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் சேருங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்குக் கூடுதல் நேரமோ, திரை வாசிப்பு மென்பொருளோ, எழுத்தரோ தேவைப்படலாம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை மனத்தில் வைத்து, அதைக் கேட்டுப் பெறும் வழியை அழைப்பிதழிலேயே குறிப்பிடுங்கள். திரை வாசிப்பு மென்பொருளைக் கண்காணிப்பு மென்பொருள் முடக்கிவிடுகிறதா என்று முன்கூட்டியே சோதித்துப் பார்ப்பது நல்லது.

மனநோய்க் குறிகளைக் கண்டறிய உருவாக்கப்பட்ட மருத்துவத் தேர்வுகளை ஆளுமைத் தேர்வு என்ற பெயரில் எவரேனும் விற்க வந்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். அந்த வகையைச் சேர்ந்த எம்.எம்.பி.ஐ. தேர்வைப் பதவி உயர்வுக்குப் பயன்படுத்திய நிறுவனம் ஒன்றின் வழக்கில், அது மருத்துவப் பரிசோதனையே என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005இல் கூறிவிட்டது. தகுதிபெற்ற உளவியலாளர் அருகில் இல்லாமல், ஒருவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டிய தேர்வு அல்ல அது.

கேள்வி கேட்டவர்: ஓசூர் மனிதவளம்

மூவருக்கும் மிக்க நன்றி. பாலிடெக்னிக் கணினிக்கூட யோசனையை நிர்வாகம் ஏற்றுக்கொள்ளும் என்று நம்புகிறேன். இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. வீட்டில் 62 பெற்றவர் ஆலையில் 55 பெற்றால் அவர் ஏமாற்றியவர் என்று முடிவுகட்டி உடனே நீக்கிவிடலாம் என்கிறார் எங்கள் மேலாளர். அது சரியா? இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் எல்லோர் கையிலும் இருக்கின்றன. மேலே சொன்ன ஆய்வு முடிவுகள் இன்றைக்கும் பொருந்துமா?

பதில் 4: அளவுகோல்

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் குறிப்பிட்ட ஒப்பீடுகள் எல்லாம் சாட்ஜிபிடி வெளிவந்த 2022 நவம்பருக்கு முந்தைய தரவுகளைக் கொண்டவை. தேடினாலும் கிடைக்காத வினா என்று அன்று கருதப்பட்ட தருக்க வினாவுக்கும் இன்று படம் எடுத்து அனுப்பினால் விடை கிடைக்க வாய்ப்பு உண்டு. ஆகவே திறன் தேர்வைப் பொறுத்தவரை, அந்த 2 மதிப்பெண் இடைவெளியை மேல்வரம்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த நிலையில் சரிபார்ப்புத் தேர்வைத் தவிர்க்க முடியாததாகவே கருதுகிறேன்.

அடுத்து, 62இலிருந்து 55. உங்கள் மேலாளருக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அளவுகோலின் சராசரி 50, திட்ட விலக்கம் 10, இரண்டு தேர்வுகளுக்கும் இடையிலான ஒட்டுறவு 0.85 என்று வைத்துக்கொள்வோம். இது நல்ல தேர்வுக்கு உரிய அளவு. முதல் முறை 62 எடுத்தவர் சராசரியைவிட 12 மேலே இருக்கிறார். முற்றிலும் நேர்மையாக எழுதியிருந்தாலும், மறுமுறை அவரிடம் எதிர்பார்க்க வேண்டியது 62 அல்ல, 12இல் 0.85 பங்கை 50உடன் கூட்டினால் வரும் 60.2தான். அந்த 60.2ஐச் சுற்றியும் 5.3 அளவுக்கு இயல்பான சிதறல் இருக்கும். இதன்படி, எந்தத் தவறும் செய்யாத, 62 எடுத்த ஆறு பேரில் ஒருவர் மறுமுறை 55 அல்லது அதற்கும் கீழே வருவார். சரிபார்ப்புத் தேர்வு குறுகியது என்பதால் ஒட்டுறவு 0.85ஐவிடக் குறைவாகவே இருக்கும். சிதறல் இன்னும் விரியும். ஆறில் ஒரு நிரபராதியை ஏமாற்றுக்காரர் என்று எழுதிவைக்கும் விதியை எந்த மனிதவளப் பிரிவும் ஏற்கக் கூடாது.

அதே கணக்கில் 62 எடுத்தவர் 44 பெற்றால், அது நேர்மையாக எழுதுபவருக்கு ஆயிரத்தில் ஓரிருவருக்கு மட்டுமே நேரக்கூடியது. அப்போதும் அவரைக் குற்றம் சாட்டாமல், கண்காணிப்பில் முழுத் தேர்வையும் எழுத வைத்து அந்த மதிப்பெண்ணைக் கொண்டே முடிவெடுங்கள். எந்த இடைவெளிக்கு மேல் முழுத் தேர்வு என்பதைத் தரவு வருவதற்கு முன்பே சேவை நிறுவனத்தோடு சேர்ந்து முடிவுசெய்து எழுதிவைத்துவிட வேண்டும். ஆளைப் பார்த்த பிறகு எல்லையை நகர்த்தக் கூடாது.

கூடம் நடத்துபவர் எழுப்பிய கேள்விக்கும் இதில் பதில் உண்டு. வீட்டுத் தேர்வின் கட்-ஆஃபை அளவியல் பிழை (ஒருவரின் மதிப்பெண் தற்செயலாக ஏறி இறங்கக்கூடிய அளவு) ஒன்றின் அளவுக்காவது தாழ்த்தி வையுங்கள். மேற்சொன்ன அளவுகோலில் அது ஏறத்தாழ 4 மதிப்பெண். ஆலையில் 48 தேவை என்றால் வீட்டுத் தேர்வில் 44 பெற்றவரையும் அழையுங்கள். சரிபார்ப்புக்குச் சிலர் கூடுதலாக வருவார்கள். மின்தடையாலோ கைபேசித் திரையாலோ தாழ்ந்துபோனவர்களில் ஒரு பகுதியினருக்காவது வாய்ப்பு கிடைக்கும்.

அழைப்பு மின்னஞ்சலின் தொடக்கத்திலேயே, வீட்டில் எழுதும் தேர்வைத் தனியாக, எவர் உதவியும் எந்தச் செயலியும் இன்றி எழுத வேண்டும் என்றும், நேர்முகத்துக்கு வரும் அனைவரும் ஆலையில் இதே வகையான குறுந்தேர்வை எழுதுவார்கள் என்றும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அதோடு மாதிரி வினாக்களுக்கான லிங்க், கணினியில் எழுதுவதே நல்லது என்ற குறிப்பு, இணைப்பு துண்டிக்கப்பட்டால் அழைக்க வேண்டிய தொலைபேசி எண் ஆகியவற்றையும் சேருங்கள். அந்தத் தொலைபேசியைத் தேர்வு திறந்திருக்கும் நாள்கள் முழுவதும், மாலை நேரத்திலும், எடுத்துப் பேச ஒருவரை நியமிக்க வேண்டும். வேலைக்குப் போய்க்கொண்டே விண்ணப்பிப்பவர்கள் அந்த நேரத்தில்தான் எழுதுவார்கள்.